வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில்: பதின்வயதினர் பார்க்கும் உணவுச் சூழல்

பத்து வயதுவரை ஒரு பிள்ளை என்ன சாப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கப்புறம் அந்த முடிவு மெல்லக் கைமாறத் தொடங்குகிறது. கையில் கொஞ்சம் காசு வருகிறது. தனியாகப் போய்வர அனுமதி கிடைக்கிறது. கூடவே வர நாலு சிநேகிதர்கள் சேர்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதாகும்போது, பள்ளி விட்டு வரும் வழியில் எங்கே நிற்பது, எதை வாங்குவது, யாரோடு பங்கு போடுவது என்பதெல்லாம் அவர்களே எடுக்கும் முடிவுகளாகிவிடுகின்றன.

இதைப் பற்றி நாம் பேசும் விதம் மட்டும் மாறவே இல்லை. ஒன்று, 'பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தெரியவில்லை, சொல்லித்தர வேண்டும்' என்கிறோம். இல்லாவிட்டால், 'கடைகள்தான் கெடுக்கின்றன, பள்ளிப் பக்கம் வரவிடக் கூடாது' என்கிறோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எதைப் பார்க்கிறார்கள், அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகப் படுகிறது. தங்கள் தெருவின் உணவு நிலவரத்தைப் பதின்வயதினர் பெரியவர்களைவிடக் கூர்மையாகவே கவனிக்கிறார்கள். அவர்கள் அளக்கும் அளவைகள்தான் வேறு.

முதலில் 'உணவுச் சூழல்' என்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஒருவர் சாப்பாட்டைப் பெறும், தேர்ந்தெடுக்கும் சுற்றுப்புறம் முழுவதையும் ஆய்வாளர்கள் இப்படி அழைக்கிறார்கள். 2018இல் கிறிஸ்டோபர் டர்னரும் சக ஆய்வாளர்களும் இதை இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். ஒன்று வெளி அடுக்கு: என்னென்ன கிடைக்கிறது, என்ன விலை, விற்பவர் எப்படிப்பட்டவர், பொருளின் தரம் எப்படி, விளம்பரம் எப்படி வருகிறது என்பவை. இன்னொன்று தனிமனித அடுக்கு: என்னால் அங்கே போக முடியுமா, என்னிடம் உள்ள காசுக்குக் கட்டுப்படியாகுமா, எனக்கு வசதியா, எனக்குப் பிடிக்குமா என்பவை. ஒரே தெருவில் நிற்கும் இரண்டு பேருக்கு வெளி அடுக்கு ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் தனிமனித அடுக்கு முற்றிலும் வேறாக இருக்கும். காரில் போகும் நாற்பது வயதுக்காரருக்கும் முதுகில் பையோடு நடந்து போகும் பதினாலு வயதுப் பெண்ணுக்கும் அந்தத் தெரு ஒன்றே அல்ல.

உலகில் 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறத்தாழ 130 கோடிப் பேர். வளர்ந்தபின் ஒருவருக்கு இருக்கும் எடையில் ஏறக்குறையப் பாதி இந்த ஆண்டுகளில்தான் கூடுகிறது. உடல் இவ்வளவு வேகமாக வளரும் நேரத்தில்தான் உணவின் மீதான கட்டுப்பாடும் வீட்டிலிருந்து வெளியே போகிறது. 2025இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில் ஒரு திருப்பம் பதிவாகியிருக்கிறது. உலக அளவில் 5 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் (9.4%), எடை குறைந்தவர்களின் விகிதத்தை (9.2%) முதன்முறையாகத் தாண்டிவிட்டது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் போகும் திசை கவலைப்பட வைக்கிறது. பருமன் கூடிவிட்டது என்பதற்காகப் பசி போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஒரே வகுப்பறையில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள்

'சூழல் மாறிவிட்டது' என்று பெரியவர்கள் சொல்லும்போது தங்கள் சிறுவயதோடு ஒப்பிடுகிறார்கள். அன்று இருந்த கடை இன்று இல்லை, அன்று இல்லாத பாக்கெட் இன்று தொங்குகிறது என்று. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒப்பீடே கிடையாது. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாங்கள் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே 'இயல்பு' என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் வீழ்ச்சியை அளக்கிறார்கள், அதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பது கணக்கிலேயே வருவதில்லை. உணவுச் சூழலுக்கும் இது அப்படியே பொருந்தும். எல்லாத் திசையிலும் இனிப்பூட்டிய பானம் கிடைப்பது, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவது, திரையைத் தொட்டால் சாப்பாடு வீட்டுக்கு வருவது என எதுவும் அவர்களுக்கு மாற்றமாகத் தெரியாது. அது அவர்கள் பிறந்த உலகம்.

அப்படியானால் அவர்கள் மாற்றத்தையே உணர்வதில்லையா? உணர்கிறார்கள், வேறொரு வேகத்தில். பத்து வயதில் வீட்டு வாசலோடு முடிந்த எல்லை, பன்னிரண்டில் தெருமுனை, பதினான்கில் அடுத்த பேருந்து நிறுத்தம், பதினாறில் ஊரின் மறுபக்கம் என்று விரிகிறது. ஆக இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன: தெருவும் மாறுகிறது, தெருவில் அந்தப் பிள்ளை போகக்கூடிய தூரமும் மாறுகிறது. 'இங்கே இப்போ நிறையக் கடை வந்துடுச்சு' என்று பதினாறு வயதுப் பையன் சொன்னால், உண்மையிலேயே கடைகள் பெருகியிருக்கலாம். அல்லது முன்பே இருந்த கடைகள் இப்போதுதான் அவன் எல்லைக்குள் வந்திருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத ஆய்வு, வளர்வதையும் ஊர் மாறுவதையும் போட்டுக் குழப்பிவிடும்.

இந்த எல்லை எல்லோருக்கும் ஒரே மாதிரி விரிவதும் இல்லை. பல நாடுகளில், ஆண்பிள்ளைக்கு எல்லை விரியும் அதே வயதில் பெண்பிள்ளைக்குச் சுருங்குகிறது. இருட்டிவிட்டால் போகக் கூடாது, அந்தப் பக்கம் பசங்கள் நிற்பார்கள், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்... வரைபடத்தில் இரண்டு பேருக்கும் அந்தக் கடை ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. ஒருவருக்கு அது இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

பள்ளி விட்ட பிறகு

பள்ளி விட்டதிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை உள்ள நேரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மதியம் சாப்பிட்டது எப்போதோ. இடைவேளையில் பாதி நேரம் வரிசையில் போய்விட்டது, அதனால் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்து பேர் சேர்ந்து நடக்கிறார்கள். ஐவரின் சட்டைப்பையிலும் சேர்த்து எவ்வளவு இருக்கிறது என்று யாரோ ஒருவர் எண்ணுகிறார். இப்போது கடைக்கு முன்னால் ஒரு கணக்கு நடக்கிறது. எது வயிற்றை நிரப்பும்? எதை ஐந்தாகப் பிரிக்கலாம்? எதை நடந்துகொண்டே சாப்பிடலாம், கை கழுவ வேண்டாம், தட்டு வேண்டாம்? எது எப்போதும் ஒரே ருசியில் இருக்கும், வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்? யாரிடம் காசு இல்லை என்பது வெளியே தெரியாமல் அவரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

இந்தக் கணக்கில் ஒரு பழம் எப்படித் தேறும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றை ஐந்தாகப் பங்கு போட முடியாது. உள்ளே அடிபட்டிருந்தால் காசு போச்சு. பிற்பகலுக்குள் பைக்குள் நசுங்கிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். மூடி ஒட்டிய பாக்கெட்டில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது தற்செயலாக அமைந்ததும் இல்லை. பங்கு போடத் தோதான வடிவம், சில்லறைக் காசுக்கு ஏற்ற சிறு அளவு, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி என எல்லாம் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. பிள்ளைகளின் முடிவை 'அவசரப்புத்தி' என்று சொல்வது எனக்கு அநியாயமாகத் தோன்றுகிறது. அவர்கள் முன்னால் இருப்பவற்றை வைத்துப் பார்த்தால், அவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சரியில்லாதது அவர்கள் முன்னால் இருப்பவைதான்.

யுனிசெஃப் 2019இல் உணவை மையமாக வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக 18 நாடுகளில் பதின்வயதினரோடும் தாய்மார்களோடும் பயிலரங்குகள் நடந்தன. நல்ல உணவு சாப்பிட எது தடை என்று கேட்டபோது, திரும்பத் திரும்ப வந்த பதில்கள் விலை, கிடைக்காமை, ருசி ஆகியவை. தெரியாமை அங்கே முதலிடத்தில் இல்லை. அதே அறிக்கையின் இன்னொரு கணக்கு: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பள்ளிக்குப் போகும் பதின்வயதினரில் 42% பேர் நாளுக்கு ஒரு தடவையாவது இனிப்பூட்டிய குளிர்பானம் குடிக்கிறார்கள், 46% பேர் வாரத்தில் ஒரு தடவையாவது துரித உணவு சாப்பிடுகிறார்கள். தெரிந்தும் சாப்பிடுகிறார்கள் என்றால் காரணத்தை அறிவில் தேடிப் பயனில்லை.

உட்கார ஒரு இடம்

கடையைப் பெரியவர்கள் பார்ப்பது பொருள் வாங்கும் இடமாக. பதின்வயதினருக்கு அது உட்காரும் இடமும்கூட. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே பல புதிர்கள் அவிழும் என்று நினைக்கிறேன்.

வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத, ஆட்கள் கூடிப் பேசும் பொது இடத்தைச் சமூகவியலில் 'மூன்றாம் இடம்' என்பார்கள். பெரியவர்களுக்கு அப்படிப் பல இடங்கள் உண்டு. பதின்வயதினருக்கு? பூங்காவில் விளையாட்டுச் சாதனங்கள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. தெருமுனையில் கூடி நின்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஐந்து பேர் போக முடியாது. துரித உணவுக் கடையில் வெளிச்சம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, வெயிலோ மழையோ படாது. மிகக் குறைந்த விலைக்கு ஏதாவது ஒன்றை வாங்கிவிட்டால் ஒரு மணி நேரம் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கொடுக்கும் காசில் ஒரு பகுதி சாப்பாட்டுக்கு. மீதி அந்த நாற்காலிக்கான வாடகை.

ஒரு கடை மூடினாலோ புதிதாய் ஒன்று வந்தாலோ அவர்கள் அதை உணர்வதும் இப்படித்தான். ஒரு வட்டாரம் வசதியாகும்போது வரும் மாற்றம் இதற்கு நல்ல உதாரணம். வாடகை ஏறுகிறது, மலிவான பழைய கடைகள் போய், அழகான விளக்கு போட்ட புதிய கடைகள் வருகின்றன. வரைபடத்தில் பார்த்தால் உணவுச் சூழல் மேம்பட்டிருக்கிறது: புதுக் காய்கறி, நல்ல தானியம், குறைந்த எண்ணெய். அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு அது வேறாகத் தெரிகிறது. விலைப்பட்டியல் வெளியிலேயே தொங்குகிறது. அதைப் பார்த்ததும் இது நமக்கான கடை இல்லை என்று புரிந்துவிடுகிறது. உள்ளே போனால் பையைக் கவனிக்கிறார்கள். 'பள்ளி மாணவர்கள் ஒரு நேரத்தில் இருவர் மட்டும்' என்று பலகை வைக்கும் கடைகளும் உண்டு. நல்ல உணவு பக்கத்தில் வந்துவிட்டது. அதே நேரத்தில் தூரமாகியும் விட்டது.

இதற்குக் கீழே, அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். மரியா ஃப்ராமும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. அதில் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசினார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததோடு, தாங்களும் ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள்: தன் பங்கைக் குறைத்துக்கொள்வது, வேண்டாம் என்று சொல்லிவிடுவது, வீட்டுக்கு ஏதாவது கொண்டுவர வழி தேடுவது. இதில் பல விஷயங்கள் பெற்றோருக்கே தெரியவில்லை. 'சரியாகவே சாப்பிடுவதில்லை' என்று ஒரு பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லும்போது, அது சாப்பிடாமல் விட்டுக்கொடுத்த சாப்பாடாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு நமக்கு வர வேண்டும்.

ஆரோக்கியம் என்பது யார் பக்கம்?

கனடாவில் குவென் சாப்மன், ஹெதர் மக்லீன் என்ற இருவர் பதின்வயதுப் பெண்களிடம் பேசி 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'நல்ல உணவு', 'குப்பை உணவு' என்ற இரண்டும் அந்தப் பெண்களுக்கு என்ன பொருள் தருகின்றன என்பதே கேள்வி. கிடைத்த விடை எளிமையானது, ஆழமானது. குப்பை உணவு சிநேகிதிகளோடும், மகிழ்ச்சியோடும், வீட்டை விட்டு விலகித் தனித்து நிற்பதோடும் சேர்ந்திருந்தது. நல்ல உணவு குடும்பத்தோடும், வீட்டில் இருப்பதோடும், பெற்றோரோடும் சேர்ந்திருந்தது.

இது தெரிந்தால், ஆரோக்கியப் பிரசாரங்கள் ஏன் பதின்வயதினரிடம் எடுபடுவதில்லை என்பதும் தெரியும். ஐம்பது வயதில் இதயம் நன்றாக இருக்கும் என்று பதினைந்து வயதில் சொன்னால் அது எட்டாது. அதைவிட முக்கியம், அந்த அறிவுரை அம்மாவின் குரலில் வருகிறது. அம்மாவின் குரலிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பதுதானே அந்த வயதின் வேலை.

சிலி நாட்டில் நடந்தது இதற்குச் சான்று. 2016இல் அங்கே ஒரு கடுமையான சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மீறினால் பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை; அப்படி முத்திரை பெற்றவற்றைப் பள்ளியில் விற்கவும் தடை. அதன் விளைவைப் பற்றித் தாய்மார்களிடம் குழுவாகப் பேசிய ஓர் ஆய்வு 2019இல் வந்தது. சின்னப் பிள்ளைகள் அந்த முத்திரையை ஆர்வமாக ஏற்றுக்கொண்டு, வீட்டிலேயே மாற்றத்துக்குத் தூதுவர்களாகிவிட்டார்கள் என்று தாய்மார்கள் சொன்னார்கள். பதின்வயதினரிடம் அந்த ஆர்வம் அவ்வளவாக இல்லை.

அவர்களிடம் எதுவுமே எடுபடாது என்ற முடிவுக்கு இதிலிருந்து வர வேண்டியதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் முதலியோர் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து பார்த்ததை 2016இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். இன்னொரு குழுவுக்கு, உணவு நிறுவனங்கள் தங்கள் பொருளை மேலும் மேலும் சாப்பிடத் தூண்டும்படி எப்படி வடிவமைக்கின்றன, சின்னப் பிள்ளைகளையும் ஏழைகளையும் குறிவைத்து எப்படி விளம்பரம் செய்கின்றன என்ற விவரம். மறுநாள், வேறொரு சாக்கில் நொறுக்குத்தீனி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இரண்டாவது குழுவினர் சர்க்கரையும் பொரித்ததும் குறைவாக எடுத்தார்கள். 2019இல் வெளியான அடுத்த ஆய்வில், உணவு விளம்பரப் படங்களின் மேல் மாணவர்களே கிறுக்கி, அவற்றை 'உண்மையாக்கும்' பயிற்சியும் சேர்ந்தது. பள்ளி உணவகத்தில் அவர்கள் வாங்கியதைத் தொடர்ந்து பார்த்தபோது, குறிப்பாகப் பையன்களிடம், மாற்றம் மூன்று மாதங்கள் நீடித்தது. பெரியவர்கள் தங்களை ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வரும் கோபம்தான் இங்கே வேலை செய்தது. நியாயத்துக்காகக் கோபப்படும் வயது அது.

ஆனால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும். கோபம் வந்தாலும் பசி இருக்கும், காசு குறைவாகத்தான் இருக்கும், நாற்காலி அந்தக் கடையில்தான் இருக்கும்.

தெருவில் இல்லாத தெரு

இன்றைய பதின்வயதினரின் உணவுச் சூழலில் பெரும்பகுதி செங்கல் சிமெண்டால் ஆனதில்லை. போனில் ஒருவர் சாப்பிட்டுக் காட்டுகிறார், இன்னொருவர் புதிய பானத்தை முதல் ஆளாய்க் குடித்துப் பார்க்கிறார், நடுவே தள்ளுபடிக் கூப்பன் வருகிறது. பள்ளிக்கு எதிரே இருக்கும் கடை பள்ளி விட்ட பிறகுதான் கண்ணில் படும். போன் படுக்கையிலும் கூடவே வருகிறது. பதின்பருவத்தில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போவதால், வீடு உறங்கிய பிறகும் விழித்திருப்பவர்கள் இவர்கள்தான்.

2025 அறிக்கையோடு யுனிசெஃப் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் 13 முதல் 24 வயதுக்குட்பட்ட 64,000 பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பையும் வெளியிட்டது. முந்தைய ஒரு வாரத்தில் இனிப்புப் பானம், நொறுக்குத்தீனி, துரித உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைப் பார்த்ததாக 75% பேர் சொன்னார்கள். அந்த விளம்பரங்கள் சாப்பிடும் ஆசையைக் கூட்டியதாக 60% பேர் சொன்னார்கள். போர், மோதல் நடக்கும் நாடுகளில்கூட 68% பேர் இந்த விளம்பரங்களைப் பார்த்திருந்தார்கள். சாப்பாடு போய்ச் சேராத இடத்துக்கும் விளம்பரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது, ஆசை கூடியதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விளம்பரம் தங்களை என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. தெரிவதால் அது நின்றுவிடுவதில்லை. பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டங்கள் இந்தத் தெருவுக்குள் இப்போதுதான் நுழைகின்றன. பிரிட்டனில் 2026 ஜனவரி முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளின் விளம்பரத்தை இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. இணையத்தில் காசு கொடுத்து எந்நேரமும் போடக் கூடாது. ஆனால் பொருளைக் காட்டாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் விளம்பரம் செய்யலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எந்தப் பொருள் நினைவுக்கு வரும் என்று எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். வெளியிடத்து விளம்பரங்களில் கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதற்கு லண்டன் ஒரு சான்று. அங்கே 2019 பிப்ரவரியில் பொதுப் போக்குவரத்து அமைப்பின் விளம்பர இடங்களில் இத்தகைய விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. தடை இல்லாதிருந்தால் வாங்கியிருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்ட அளவைவிட, ஒரு குடும்பம் வாரத்துக்கு வாங்கிய இத்தகைய உணவில் ஏறத்தாழ 1,000 கலோரி குறைந்ததாக 2022இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

வட்டம் போட்டால் போதுமா?

அரசுகளுக்குப் பிடித்த வழி, பள்ளியை நடுவில் வைத்து வட்டம் போட்டு, அதற்குள் இத்தகைய உணவு விற்பதைக் கட்டுப்படுத்துவது. தென் கொரியாவில் 200 மீட்டர். லண்டனில் புதிய துரித உணவுக் கடைகளுக்குப் பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடைதூரம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்தவற்றைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு ஒரு தூரத்தை வைத்திருக்கிறது. இந்த வட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவை உண்மையிலேயே உதவும். எல்லை பேருந்து நிறுத்தம்வரை விரிந்துவிட்ட பதினாறு வயதுக்காரருக்கு 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை.

பிள்ளைகளிடம் ஜிபிஎஸ் கருவி கொடுத்து அனுப்பிய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வீட்டையோ பள்ளியையோ சுற்றி ஆய்வாளர்கள் போட்ட வட்டமும், பிள்ளைகள் உண்மையில் நடமாடிய பாதையும் ஒத்துப்போகவில்லை. போதாததற்கு, ஒருவர் கடை வழியாகப் போனதால் சாப்பிட்டாரா, சாப்பிட வேண்டும் என்பதற்காகவே அந்த வழியாகப் போனாரா என்பதை வரைபடம் சொல்லாது. அருகில் எத்தனை கடைகள் என்பதற்கும் பதின்வயதினரின் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்ததில் வியப்பில்லை.

யாரிடம் கேட்பது?

1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீனாவின் யுனான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையில் முக்கியமானதைப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்த படங்களை வைத்துக் கூடிப் பேசி, அதிகாரிகள் முன் வைத்தார்கள். அந்த முறை பின்னர் பதின்வயதினரிடமும் வந்தது. 'நீ என்ன சாப்பிடுகிறாய்?' என்று படிவத்தில் கேட்டால், ஆசிரியர் விரும்பும் பதிலைத்தான் எழுதுவார்கள். படம் எடுக்கச் சொன்னால் வேறொன்று வருகிறது: வேலை செய்யாத குடிநீர்க் குழாய், ஏழு நிமிடம் மிச்சமிருக்கும்போதும் நகராத உணவக வரிசை, பூட்டிக்கிடக்கும் மைதானம், பேருந்து நிறுத்தத்தின் மேல் தொங்கும் பெரிய விளம்பரப் பலகை. சாப்பாடே இல்லாத படங்கள்தான் சில நேரம் உணவுச் சூழலைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

குழந்தைகளைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கேட்பதிலும் பல வகை. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். கீழே இருக்கும் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்றார்: பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது. சத்துணவு விழாவில் காய்கறி வேடம் போட்டு நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் இரண்டாவது படி புரிந்துவிடும்.

உண்மையாகக் கேட்டால் வரும் கோரிக்கைகள் பெரிய திட்டங்களாக இருப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் காசில்லாமல் வேண்டும். சாப்பாட்டு இடைவேளை, வரிசையில் நின்றபிறகும் உட்கார்ந்து சாப்பிடும் அளவு நீளமாக வேண்டும். பள்ளி உணவகத்தில் ஒரு பங்கைப் பாதி விலைக்குப் பாதியாக வாங்க முடிய வேண்டும். மாலையில் காசு செலவழிக்காமல் உட்கார, கூரையும் விளக்கும் உள்ள ஓர் இடம் வேண்டும். இலவச உணவு வாங்குகிறவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரி வரிசை வேண்டும். இவற்றில் ஒன்றிரண்டில்தான் 'ஆரோக்கியம்' என்ற சொல்லுக்கே இடமிருக்கிறது. ஆனால் டர்னர் குழுவினர் சொன்ன அந்த உள் அடுக்கை, அதாவது போக முடியுமா, கட்டுப்படியாகுமா, வசதியா, பிடிக்குமா என்பதை, இவை ஒவ்வொன்றும் நேராகத் தொடுகின்றன.

இவற்றுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. குழாய் ஒரு துறை, இடைவேளை நேரம் இன்னொரு துறை, கடை உரிமம் உள்ளாட்சி, விளம்பரப் பலகை வேறொருவர், போனில் வருவது வேறு நாட்டில் இருக்கும் நிறுவனம். ஒரு கடைக்கு அனுமதி கொடுப்பதா என்று பேசும் கூட்டத்தில் கடைக்காரர் வருவார், குடியிருப்போர் வருவார்கள். கூட்டம் வேலைநாளில், அலுவலக நேரத்தில் நடக்கிறது. அந்தக் கடையில் தினமும் நிற்கப்போகும் பிள்ளைகள் அப்போது வகுப்பில் இருக்கிறார்கள். கூட்டத்தைப் பள்ளி விட்ட பிறகு வைப்பதும், அவர்கள் எடுத்த படங்களை அந்த மேசையில் வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை.